நாற்பதுக்குள் ஒரு சனிக்கிழமை

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் மாத்திரை டப்பாவை எடுத்த தமிழ்ச்செல்வி, அதைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள். பதினாறு மாத்திரை கிடக்க வேண்டிய டப்பா. கலகலவென்று சத்தம் வர வேண்டும். ஒற்றை மாத்திரை ஒன்று அங்கேயும் இங்கேயும் முட்டிக்கொள்கிற சத்தம்தான் வந்தது.

மூடியைத் திறந்து உள்ளங்கையில் கவிழ்த்தாள். ஒன்றே ஒன்று.

அறுவை முடிந்து பழங்காநத்தத்து வீட்டுக்கு வந்த இந்தப் பதினைந்து நாளில் அவள் அந்த டப்பாவைத் தொட்டதில்லை. எழுந்து நிற்பதே பெரும்பாடாக இருந்தது. தினமும் மாலை ஏழு மணிக்கு முபீனாதான் ஒரு மாத்திரையும் வெந்நீரும் கொண்டுவந்து கொடுப்பாள். இன்று முபீனா அடுப்படியில் ரசம் தாளித்துக்கொண்டிருந்ததால், சுவரைப் பிடித்தபடி தானே போய் எடுத்தாள்.

"முபீனாக்கா!"

கரண்டியோடு ஓடி வந்தாள் முபீனா. நாற்பது வயது, கனத்த உடம்பு. மதுரையின் பழைய ஊர்ப் பகுதியில் பிறந்து, இருபது வருடங்களாக இதே வீட்டில் இருக்கிற மூத்த திருநங்கை.

"என்னடி, வலிக்குதா?"

"டப்பாவுல இருந்த மாத்திரையெல்லாம் எங்கக்கா?"

"எது, அந்த எலும்பு மாத்திரையா?" முபீனா முழங்காலைத் தடவிக்கொண்டாள். "நானுந்தான் காலையில ஒண்ணு போட்டுக்கிறேன். நீதான எலும்புக்குன்னு சொன்ன? எனக்கு என்ன எலும்பு இல்லையா? ஒரே தட்டுல திங்கிறோம், ஒரு மாத்திரைக்கு உங்கிட்ட எழுதிக் குடுத்துட்டா எடுக்கணும்?"

"எத்தன நாளா?"

"நீ வந்த அன்னைக்கே ஆரம்பிச்சேன். ஒரு நாளு விடல. உள்ளதச் சொன்னா முட்டி வலி பாதி கொறஞ்சிருச்சுடி."

தமிழ்ச்செல்விக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வீட்டுக்கு வருமுன்பே டப்பாவின் சொந்தச் சீட்டைக் கிழித்துப்போட்டு, சுண்ணாம்புச் சத்து மாத்திரையின் சீட்டை ஒட்டி வைத்தவள் அவள்தான். பொய் சொன்னால் அந்தப் பொய்யை நம்புகிறவர்களும் இருப்பார்கள் என்பதை அவள் யோசிக்கவில்லை.

"அது எலும்புக்கு இல்லக்கா."

"பெறகு?"

"எச்.ஐ.வி.க்கு."

அடுப்பில் ரசம் பொங்கி வழிந்த சத்தம் கேட்டது. முபீனா போகவில்லை.

"யா அல்லா," என்றாள் மெதுவாக. பிறகு தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் வந்துருமா?"

"மாத்திரை தின்னா நோய் வராதுக்கா. ஆனா நீயும் போயி ரத்தம் குடுத்துப் பாக்கணும்."

"நானா? போடி! பதினஞ்சு வருசமா ஆசுபத்திரிப் பக்கமே தல வச்சுப் படுக்காதவ நான்." சொல்லிவிட்டு, கரண்டியைக் கீழே வைத்து, தமிழ்ச்செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்கிட்டகூடச் சொல்லலையே, செல்வி."

அந்தக் குரலில் கோபம் இல்லை.

தமிழ்ச்செல்விக்குச் சொந்த ஊர் எழுமலை. பெற்றவர்கள் வைத்த பேர் காசிமாயன். பதினேழு வயதில் அந்தப் பேரை ஊரோடு விட்டுவிட்டு மதுரைக்கு வந்தாள். நோய் எப்படி வந்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்காத ஆள் இல்லை. ஊர் நினைக்கிற மாதிரி அது தெருவோரத்தில் வந்ததல்ல. புருஷன் என்று நினைத்து மூன்று வருடம் ஆக்கிப்போட்டாளே, அவனிடமிருந்து வந்தது. 'என்னய நம்ப மாட்டியா?' என்று கேட்டு ஆணுறையைத் தள்ளிவிட்டவனை அவள் நம்பினாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

முதன்முதலாக மாத்திரை வாங்கப் போன இடத்தில், கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது, "காசிமாயன்!" என்று கூப்பிட்டார்கள். சேலை கட்டிய ஒருத்தி எழுந்ததும் கூடமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அன்றோடு போவதை நிறுத்தினாள். எட்டு மாதத்தில் காசநோய் வந்தது. எடை முப்பத்தாறு கிலோவாகி, ஆண்கள் வார்டும் வேண்டாமென்று சொல்லி, பெண்கள் வார்டும் வேண்டாமென்று சொல்லி, நடுவில் ஒரு வராந்தாவில் கிடந்தாள். அங்கே திவ்யா என்கிற ஆலோசகர் ஒரு டம்ளர் கஞ்சியோடு குனிந்து, "தமிழ்ச்செல்வி, ரெண்டு வாய் குடிங்க," என்றாள். பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை. ஒருத்தியை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கடவுள் சில நேரம் அவ்வளவு சின்ன வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறார்.

அன்றிலிருந்து நான்கு வருடம், மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் திவ்யாவே அவளைத் தமிழ்ச்செல்வி என்று கூப்பிட்டு அழைத்துப்போவாள். ஒரு நாள்கூட மாத்திரை தவறியதில்லை. பரிசோதனையில் கிருமியே தென்படாத அளவுக்கு நோய் அடங்கியிருந்தது. அதைப் பார்த்துத்தான் டாக்டர்கள் அறுவைக்குச் சம்மதித்தார்கள்.

கடைசி மாத்திரையை விழுங்கிவிட்டுத் திவ்யாவுக்குப் போன் போட்டாள். திவ்யா பயிற்சிக்காகச் சென்னை போயிருந்தாள்.

"தேதிக்கு முன்னாடி மாத்திரை வேணும்னா கார்டோட ஆளும் நேர்ல வரணும், தமிழ்ச்செல்வி. வேற ஆள அனுப்பினா தர மாட்டாங்க. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இருப்பாங்க, ஞாயிறு லீவு. நான் திங்கக்கிழமைதான் வருவேன். நாளைக்கே போயிருங்க."

போவதில்தான் சிக்கல் இருந்தது.

ஆண் உடம்பை அறுத்தெறிந்து பெண்ணாகிற அந்த அறுவையை அவர்கள் நிர்வாணம் என்பார்கள். அது முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நாற்பது நாள் நோன்பு. கண்ணாடி பார்க்கக் கூடாது. தலை வாரக் கூடாது. வாசற்படி தாண்டக் கூடாது. ஆண் முகத்தில் விழிக்கவே கூடாது. நாற்பதாம் நாள் மஞ்சள் பூசிக் குளித்து, பட்டுடுத்தி, பால்குடம் சுமந்து போய் ஆற்றில் ஊற்றிவிட்டு வந்தால்தான் அவள் முழுப் பெண். அந்த ஒரு நாளுக்காகத் தமிழ்ச்செல்வி பத்து வருடம் காத்திருந்தாள்.

வீட்டின் குரு இருளாயி. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். திருநங்கைகள் கும்பிடுகிற, சேவல் மேல் அமர்ந்த மாதா படத்துக்கு முன்னால் வெற்றிலை போட்டபடி உட்கார்ந்திருந்தவளிடம், தமிழ்ச்செல்வி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். நோய், மாத்திரை, தீர்ந்தது, நாளைக்குப் போக வேண்டியது.

இருளாயியின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

"ஏன் மறச்ச?"

"சொல்லியிருந்தா வீட்டுல சேத்திருப்பீகளாம்மா?"

இருளாயி வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். "நாப்பது முடியட்டும், போயி வாங்கிக்க."

"இன்னும் இருபத்தஞ்சு நாளு கெடக்கு."

"மாதா பாத்துக்குவா."

"மாதா பாத்துக்கிட்டதுனாலதான் எனக்கு மாத்திர கெடச்சிருக்கு."

"ஆம்பள மொகத்துல முழிப்பியாடி?"

"அறுத்த டாக்டரே ஆம்பளதானம்மா!"

"அது ஆசுபத்திரிக் கணக்கு. வீட்டுப் படி ஏறுன நாளுல இருந்துதான் நோம்புக் கணக்கு." இருளாயியின் குரல் ஏறியது. "சோலைய மறந்துட்டியா? அவளும் இப்பிடித்தான். முப்பதாம் நாளு படி தாண்டுனா. மூணு நாளுல பொணமா வந்தா."

சோலை இந்த வீட்டில் முன்பு இருந்தவள். அவள் கதையைச் சொல்லாமல் இங்கே யாருக்கும் நோன்பு தொடங்குவதில்லை. தமிழ்ச்செல்வி அதைப் பலமுறை கேட்டுத் தலையாட்டியிருக்கிறாள். இன்று தலை ஆடவில்லை.

"எதுக்கும்மா படி தாண்டுனா?"

"காச்சலு. ஆசுபத்திரிக்குன்னு ஓடுனா."

"எத்தன நாளு காச்சலு?"

"ஒம்பது நாளு."

"ஒம்பது நாளு காச்சலோட உள்ள கெடந்துட்டு, பத்தாம் நாளு தாண்டியிருக்கா. தாண்டுனதுனால செத்தாளா, தாமசமாத் தாண்டுனதுனால செத்தாளா?"

முபீனா கையில் இருந்த தட்டு கீழே விழுந்து உருண்டது. அந்த வீட்டில் அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை.

இருளாயி எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். "போறதுன்னா போ. ஆனா ஒரு ஆம்பள மொகத்தப் பாக்காமப் போயி, பாக்காம வா. வந்து இந்தப் படியில நின்னு சூடம் அணச்சுச் சத்தியம் பண்ணணும். ஒருத்தன் மொகத்தப் பாத்திருந்தாலும் இந்தப் படி உனக்கு இல்ல. பாலும் இல்ல."

"பண்றேன்," என்றாள் தமிழ்ச்செல்வி.

காலை ஒன்பது மணிக்கு முந்தானையை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, கால்களை அகட்டி வைத்துப் படி இறங்கினாள். முபீனா வாசல் வரைதான் வந்தாள். "நா வரலடி. அந்தக் கட்டடத்த நெனச்சாலே பயமாக் கெடக்கு," என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

தமிழ்ச்செல்விக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு பாதங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பு, கட்டை விரலில் பழைய காயம். நாகூர் கனி அண்ணன். அந்தத் தெருவில் இவர்களை ஏற்றிக்கொள்ள யோசிக்காத ஆட்டோக்காரர்.

"கனியண்ணே, இவ ஆம்பள மொகம் பாக்கக் கூடாது. கண்ணாடியும் பாக்கக் கூடாது. நோம்பு," என்றாள் முபீனா.

"நம்ம மொகமுமா?"

"நீயும் ஆம்பளதானண்ணே."

"அத என் வீட்டுக்காரிகிட்ட வந்து கொஞ்சம் சொல்லும்மா. அவ நம்ப மாட்டேங்குறா." சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் திருப்பிவிட்ட சத்தம் கேட்டது. பிறகு தோளில் கிடந்த துண்டை உதறி, தன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் நடுவில் திரைபோலக் கட்டினார். "நோம்புன்னா நோம்புதான் தங்கச்சி. நம்மளும் வருசத்துக்கு ஒரு மாசம் இருக்கோம்ல. பள்ளம் வந்தா முன்னாடியே சொல்றேன், கம்பியக் கெட்டியாப் புடிச்சுக்கங்க."

சொன்னபடியே ஒவ்வொரு பள்ளத்துக்கும் குரல் கொடுத்தார். அம்புட்டுப் பள்ளத்தையும் ஒருவர் மனப்பாடமாக வைத்திருப்பார் என்று அவள் நினைக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ் வழி மறித்தது.

"ஏய், நில்லு. மூடிக்கிட்டு எங்க போற? மொகத்தக் காட்டு."

"நோயாளி. மாத்திர வாங்க வந்திருக்கேன். கார்டு இருக்கு."

"ஓகோ, அந்தக் கேஸா? அதான் மொகத்தக் காட்ட வெக்கமா இருக்கு போல."

நான்கு வருடத்துக்கு முன்பு என்றால் அவள் திரும்பிப் போயிருப்பாள். "வெக்கம் எனக்கு இல்ல சார். ஒங்க எடது கால் பூட்ஸுக் கயிறு அவுந்து கெடக்கு. மிதிச்சு விழுந்தீகன்னா நீங்களும் எங்க வரிசையிலதான் வந்து நிக்கணும். கட்டிக்கிட்டு வழி விடுங்க."

யாரோ ஒரு பெண் பக்கென்று சிரித்தாள். பூட்ஸ் விலகியது.

மாத்திரை கொடுக்கிற கூடத்தில் கால்கள்தான் எங்கும். தார் ஒட்டிய கால், மெட்டி போட்ட கால், பளபளப்பான ஷூ. நோய்க்கு மேல் சாதி, கீழ் சாதி இல்லை என்பதைக் கால்களைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கார்டை நீட்டிவிட்டு பெஞ்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"காசிமாயன்!"

கூடம் திரும்புவது அவளுக்குத் தெரிந்தது. தலையைத் தூக்காமலே கேட்டது. அதே சலசலப்பு, அதே அடக்கிய சிரிப்பு. மெதுவாக எழுந்து கவுண்டருக்கு நடந்தாள்.

"நாந்தான் சார். ஆனா அந்தப் பேருல கூப்புட்டா நான் வர மாட்டேன். இன்னைக்கு ஒருநாள் வந்திருக்கேன். தமிழ்ச்செல்வின்னு எழுதிக்கங்க."

கவுண்டருக்குப் பின்னால் இளவயதுக் குரல் ஒன்று தடுமாறியது. சட்டையில் குத்தியிருந்த பெயரட்டை மட்டும் அவள் கண்ணுக்கு எட்டியது: சூரியபிரகாஷ். "சாரி மேடம். கார்டுல அப்படித்தான் இருந்துச்சு. இப்பவே எழுதிடுறேன்." பேனா கீறுகிற சத்தம். "தமிழ்ச்செல்வி. ச் போடணும்ல?"

"போடணும்."

"மேடம், முப்பது மாத்திரை குடுத்துப் பதினஞ்சு நாள்தான ஆகுது. அதுக்குள்ள எப்படித் தீரும்?"

"எங்கக்கா முட்டி வலிக்குத் தின்னுட்டா."

கூடமே சிரித்தது. இந்த முறை அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. அவளும் முந்தானைக்குள் சிரித்தாள். சூரியபிரகாஷுக்குத்தான் சிரிப்பு பாதியில் நின்றது.

"டெஸ்ட் எடுக்காம இந்த மாத்திரை சாப்பிடக் கூடாது மேடம். இனிமே தொட வேண்டாம்னு சொல்லுங்க. சீக்கிரமா அவங்களக் கூட்டிட்டு வாங்க, திட்ட மாட்டோம். அப்புறம், போட்டோவோட முகத்தச் சரி பார்க்கணும். கொஞ்சம் எடுத்துவிடுறீங்களா?"

அவள் நோன்பைச் சொன்னாள்.

"அப்ப நீங்க கண்ண மூடிக்கங்க. நான் பார்த்துக்கிறேன்."

கண்ணை இறுக மூடிக்கொண்டு முந்தானையை விலக்கினாள். "சரியா இருக்கு மேடம், மூடிக்கங்க." கையெழுத்துப் போட வேண்டிய நேரத்தில், பெரிய பதிவேட்டுப் புத்தகம் ஒன்றைத் தூக்கித் தன் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, மறு கையால் இடத்தைக் காட்டினான். "இங்க போடுங்க. நான் ஒளிஞ்சுட்டேன்." அந்தப் பிள்ளைக்கு இதையெல்லாம் எந்தச் சட்டமும் சொல்லிக் கொடுத்திருக்காது. வளர்த்தவர்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

டாக்டர் கையெழுத்து வரும்வரை உட்காரச் சொன்னான். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் ஒரு ஜோடிக் கால். குதிகால் முழுக்க வெடிப்பு, வெடிப்புக்குள் கரிசல் மண். மடியில் புதுசாக வாங்கிய மாத்திரை டப்பா ஒன்று. விரல்கள் அதன் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தன.

"எந்த ஊருண்ணே?" என்றாள் அந்தக் கால்களைப் பார்த்து.

"பேரையூரு பக்கம்." குரலுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. "இன்னைக்குத்தான் மொதத் தடவ."

"வீட்டுல?"

"பொஞ்சாதிக்கு இன்னும் சொல்லல. பிள்ளைக்கு ரெண்டு வயசு." டப்பாவை மடியில் திருப்பி வைத்தான். "சொல்ற மாதிரி இல்ல. தோட்டத்துல கெணறு இருக்கு. அதுல போயிரலாம்னு காலையில இருந்து நெனப்பு ஓடுது."

"அப்பிடியெல்லாம் நெனைக்காதீக. மாத்திரையச் சாப்புட்டா நல்லா இருக்கலாம். நான் இருக்கேன்ல?"

அவன் வறட்சியாகச் சிரித்தான். "நீங்க சொல்றீக. வந்ததுல இருந்து பாக்குறேன், தலைய நிமித்தாமத்தான் இருக்கீக. மொகத்த வெளிய காட்ட முடியாமக் குனிஞ்சு உக்காந்திருக்கீக. வாயாடுற ஒங்களுக்கே இந்தக் கெதின்னா, எனக்கெல்லாம் என்ன?"

தமிழ்ச்செல்வியின் கை முந்தானை ஓரத்துக்குப் போனது.

நோன்புக்குக் குனிந்த தலை அது. ஆனால் அவனுக்கு அது எப்படித் தெரியும்? அவன் கண்ணுக்கு அது நோய் குனியவைத்த தலை. அவள் எத்தனை நல்ல வார்த்தை சொன்னாலும் இந்தக் குனிந்த தலை அதை இல்லையென்று ஆக்கிவிடும். பத்து வருடம் காத்திருந்த பால்குடம் நினைவுக்கு வந்தது. படி நினைவுக்கு வந்தது. மாதாவை ஒரு தரம் மனதுக்குள் கூப்பிட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

முந்தானையைத் தோளுக்குத் தள்ளிவிட்டு, நிமிர்ந்து, அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

இரண்டு நாள் தாடி. அழுது வீங்கிய இமைகள். நெற்றியில் வியர்வையில் கரைந்த திருநீறு. இன்னும் பிள்ளைமுகம் மாறாத ஒருவன்.

"நல்லாப் பாருங்க. வெக்கத்துல குனியல. எனக்கு ஒரு நோம்பு, ஆம்பள மொகம் பாக்கக் கூடாது. அதுக்குத்தான் குனிஞ்சேன். நாலு வருசத்துக்கு முன்னாடி முப்பத்தாறு கிலோ. இன்னைக்கு அம்பத்தெட்டு. ஆப்பரேசன் பண்ணிப் பதினாறு நாளுதான் வீட்டுல. ஒத்தையா ஆட்டோ ஏறி வந்து, வாசல்ல வழிய மறிச்சவர வெலக்கிட்டு வந்து உக்காந்திருக்கேன். இந்த மொகம் சாகப்போற மொகம் மாதிரி இருக்கா?"

அவன் வாய் திறந்தபடி இருந்தது. "இல்லைங்க," என்றான். பிறகு பதறினான். "அப்ப ஒங்க நோம்பு?"

"அது எங்க வீட்டுப் பாடு. நீங்க ஊருக்குப் போற பஸ்ஸு எத்தன மணிக்கு?"

"பன்னெண்டரைக்கு."

"அதுல ஏறி நேரா வீட்டுக்குப் போங்க. தோட்டத்துப் பக்கம் போகாதீக. திங்கக்கிழம பொஞ்சாதி, பிள்ள ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு இங்க வாங்க. திவ்யான்னு ஒருத்தக இருப்பாக. சொல்ல முடியாதத அவுக சொல்லிக் குடுப்பாக. வருவீகளா?"

"வாரேன்."

"சத்தியமா?"

அவன் டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். "சத்தியமா வாரேங்க்கா."

மாத்திரை டப்பாவோடு வீட்டுக்குத் திரும்பும்போது மணி ஒன்றாகிவிட்டது. வாசற்படியில் இருளாயி நின்றிருந்தாள். கையில் தட்டு, தட்டில் சூடம், பக்கத்தில் தீப்பெட்டி. அவளுக்குப் பின்னால் முபீனா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தமிழ்ச்செல்வி படிக்குக் கீழேயே நின்றாள். நேற்று ராத்திரி முழுவதும் வராத பயம் இப்போதும் வரவில்லை. வலிதான் இருந்தது.

"கொளுத்துங்கம்மா. சத்தியம் பண்றேன். ஒருத்தரப் பாத்தேன்."

முபீனா தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! பாக்கலன்னு சொல்லித் தொலச்சா என்னடி?"

"சூடத்துக்கு முன்னாடி எப்பிடிக்கா பொய் சொல்ல? தெரியாமப் பாக்கல. தெரிஞ்சு, தல நிமிந்து பாத்தேன். நாளைக்கும் அந்த எடத்துல அதே மாதிரி ஒருத்தரு இருந்தா, நாளைக்கும் பாப்பேன்."

"யாரு?" என்றாள் இருளாயி.

"பேரு கேக்கல. கெணத்துல விழப்போறேன்னு உக்காந்திருந்தாரு." நடந்ததை நாலே வரியில் சொன்னாள். "எனக்குப் படி இல்லன்னா இல்லைங்கம்மா. துணிமணிய எடுத்துக்கிட்டுப் போறேன். எங்க இருந்தாலும் ஏழு மணிக்கு மாத்திரையப் போடுவேன். எங்க இருந்தாலும் மாதாவக் கும்பிடுவேன். அது ரெண்டையும் யாரும் என்னயத் தடுக்க முடியாது."

இருளாயி தட்டைப் பார்த்தபடி நின்றாள். தெருவில் ஒரு பால் வண்டி போனது. கனி இன்னும் ஆட்டோவைக் கிளப்பாமல், கேட்காதவர் போல டயரை உதைத்துக்கொண்டிருந்தார்.

"சோலை அந்த ஒம்பது நாளும் தண்ணி, தண்ணின்னுதான் கெடந்தா," என்றாள் இருளாயி, யாரிடமும் இல்லாமல். "அவளுக்காக நாங்க ஒருத்தியும் படி தாண்டல."

பிறகு முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, குருவின் குரலை வரவழைத்தாள். "மொறைன்னு ஒண்ணு இருக்கு. பாத்தது பாத்ததுதான். நாளையில இருந்து ஒண்ணாம் நாளு. புதுசா நாப்பது இரு."

"இருக்கேன். ஆனா இந்த மாத்திர முப்பது நாளைக்குத்தான் வரும். முப்பதாம் நாளு மறுபடி போவேன்."

"போனா மறுபடி ஒண்ணாம் நாளுதான்."

"வைங்க. அதுக்கும் முப்பதாம் நாளு போவேன்."

இருளாயி விரலை மடக்கிப் பார்த்தாள். நீட்டினாள். மறுபடி மடக்கினாள்.

"இது எம்புட்டு நாளைக்குடி இப்பிடி?"

"ஆயுசுக்கும்மா. ஆயுசு பூரா மாசா மாசம்."

"அம்மா," என்றாள் முபீனா பயந்த குரலில், "அப்ப இவ கெழவியானாலும் பால் ஊத்த மாட்டா போலயே."

கனி சத்தமாகச் சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார். இருளாயி அவரை ஒரு முறை முறைத்தாள். அப்புறம் கணக்கை வேறு பக்கத்திலிருந்து போட்டாள். இன்றைக்குப் பதினாறு. மிச்சம் இருபத்து நாலு. மாத்திரை முப்பது.

"பழைய கணக்குன்னா இந்த டப்பா தாங்குமா?"

"தாங்கும்மா. இன்னைக்குப் போடுறதயும் சேத்தா அஞ்சு மிஞ்சும்."

"இந்தத் தடிச்சி திங்காம இருந்தா," என்று முபீனாவைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, கையை நீட்டினாள். "ஏறு. இன்னைக்குப் பதினாறாம் நாளு. ஊரு கேட்டா நான் பேசிக்கிறேன். வெயில்ல நிக்காத, தையல் பிரிஞ்சு தொலைக்கப் போகுது."

தமிழ்ச்செல்வி அந்தக் கையைப் பிடித்துப் படி ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் உயிர் போய் உயிர் வந்தது.

"முபீனாக்கா ரத்தம் குடுக்கணுமாம். திட்ட மாட்டாகளாம்."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா!" முபீனா பின்வாங்கினாள். "முட்டிதான். அதுவும் இப்பத் தேவல."

"திங்கக்கிழம நானே இழுத்துக்கிட்டுப் போறேன்," என்றாள் இருளாயி.

"போறதே போறீக," என்றாள் தமிழ்ச்செல்வி, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கியபடி, "நீங்களும் கைய நீட்டி ஒரு ஊசி குத்திக்கிட்டு வந்துருங்கம்மா."

"எனக்கா? இந்த வயசுலயா? வாயப் பாரு இவளுக்கு!" இருளாயி கையை ஓங்கினாள். ஓங்கிய கை இறங்கவில்லை. வாசல் பக்கம் திரும்பினாள்.

"கனி! திங்கக்கிழம ஒம்பது மணிக்கு வண்டியக் கொண்டா. ஆசுபத்திரியில ரத்தம் பாக்க மூணு சீட்டு எடுக்கணும். முபீனா எந்திரிச்சு ஓடுனா நடுவுல வச்சுப் புடிக்க ஆளு வேணும்."

"மூணாவது ஆளு யாரு தாயி?"

"நீதான். ரத்தம் ஒனக்கும் ஓடுதுல்ல?"